முதலில் எண்ண வேண்டியது வெளிச்சத்தை: 2010 ரைடர் கோப்பை, செல்டிக் மேனர் - ஒரு நிகழ்வு ஆய்வு

ஐரோப்பாவும் அமெரிக்காவும் அணிகளாக மோதும் கோல்ஃப் போட்டியான ரைடர் கோப்பை மூன்று நாள் போட்டி. வெள்ளியில் தொடங்கி ஞாயிறு மாலைக்குள் முடிந்துவிடும். 2010-இல் வேல்ஸின் நியூபோர்ட் நகரை ஒட்டிய செல்டிக் மேனரில் நடந்தபோது மட்டும் அது நான்காம் நாளுக்குப் போனது. அந்தக் கோப்பையின் வரலாற்றில் திங்கட்கிழமை முடிந்த முதல் போட்டி அதுதான். அக்டோபர் 1, வெள்ளி காலை 7.45-க்கு முதல் பந்து அடிக்கப்பட்டது. இரண்டு மணி நேரத்தில் மழையால் ஆட்டம் நின்றது. திரும்பத் தொடங்கியபோது மாலை 5 ஆகியிருந்தது. சனிக்கிழமை ஓரளவு காப்பாற்றியது. ஞாயிறு மறுபடி மழை, பிற்பகல் 1.30 வரை ஒருவரும் ஆடவில்லை. இத்தனைக்கும் பிறகு, குறித்திருந்த 28 புள்ளிகளுக்கான ஆட்டங்களும் ஒன்று விடாமல் ஆடி முடிக்கப்பட்டன. ஐரோப்பா 14½, அமெரிக்கா 13½.

பன்னாட்டு அணி கோல்ஃப் போட்டியை நடத்தப் போகிறவர்கள் படிக்க வேண்டிய நிகழ்வு இது. மழை பெய்தது என்பதற்காக அல்ல, மழை எங்கும் பெய்யும். ஏறத்தாழ ஒரு முழு நாளை இழந்த போட்டியை எதை மாற்றி, எதை மாற்றாமல் மீட்டார்கள் என்பதில்தான் பாடம் இருக்கிறது. திட்டமிடுபவர்கள் பணத்தையும் நிலத்தையும் டிக்கெட்டையும் எண்ணுவார்கள். இந்த விளையாட்டில் எதைக் கொடுத்தும் கூட்டிக்கொள்ள முடியாத சரக்கு பகல் வெளிச்சம். அதை எண்ணிவிட்டுத்தான் மற்றதை எண்ண வேண்டும்.

கணக்கு எவ்வளவு இறுக்கமானது

ஓர் அணிக்கு 12 பேர். முதல் இரண்டு நாளும் இருவர் சேர்ந்து ஆடும் ஆட்டங்கள், கடைசி நாள் ஒருவருக்கு ஒருவர். ஜோடி ஆட்டத்தில் இரண்டு வகை உண்டு. ஃபோர்பாலில் நால்வரும் ஆளுக்கொரு பந்து ஆடுவார்கள்; ஜோடியில் எவர் குறைந்த அடியில் குழியை முடித்தாரோ அது அணியின் கணக்கு. ஃபோர்சம்ஸில் ஒரு ஜோடிக்கு ஒரே பந்து, மாறி மாறி அடிக்க வேண்டும். முதல் வகையில் நான்கு பந்து, இரண்டாவதில் இரண்டே பந்து. நேரம் போவதும் அதன்படிதான். பெரிய போட்டியின் நிதானத்தில் ஃபோர்பாலுக்கு 5 மணி நேரம், ஃபோர்சம்ஸுக்கு நாலே கால் மணி நேரம் ஒதுக்குவது நியாயமான கணக்கு.

வழக்கமான அட்டவணையில் வெள்ளியும் சனியும் நாளுக்கு இரண்டு சுற்று, சுற்றுக்கு 4 ஆட்டம். ஞாயிறு 12 சிங்கிள்ஸ். அதாவது 16-உம் 12-உம் சேர்ந்து 28 புள்ளி. இப்போது வெள்ளிக்கிழமையைப் போட்டுப் பாருங்கள். 15 நிமிட இடைவெளியில் ஆட்டங்களை அனுப்பினால் 7.45-க்குத் தொடங்கும் ஃபோர்பாலில் கடைசி ஆட்டம் 8.30-க்குப் புறப்பட்டு 1.30-க்கு முடியும். பிற்பகல் ஃபோர்சம்ஸின் கடைசி ஆட்டம் 2 மணிக்குக் கிளம்பினால் 6.15-க்குத்தான் ஓயும். அக்டோபர் முதல் வாரத்தில் நியூபோர்ட்டில் சூரியன் மறைவது 6.45-ஐ ஒட்டி. ஆக நாள் முழுவதற்கும் கையில் மிஞ்சுவது அரை மணி நேரம். ஒரு மூடுபனி, ஒரு விதிச் சர்ச்சை, தேடிக்கொண்டிருக்கும் இரண்டு பந்து, இவை போதும் அந்த அரை மணியைத் தின்ன.

இரண்டு வாரம் முன்னதாக நடந்திருந்தால்? அந்த அட்சரேகையில் செப்டம்பர் கடைசியில் பகல் நாளுக்கு ஏறக்குறைய 4 நிமிடம் சுருங்குகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கையிருப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்காகியிருக்கும்.

தேதி ஏன் அப்படி விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வேல்ஸுக்கு இந்த உரிமை 2001-இல் கிடைத்தபோது குறித்த ஆண்டு 2009. அந்தச் செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த தாக்குதல்களால் அந்த ஆண்டின் கோப்பை 2002-க்குத் தள்ளிப்போனது. அன்றிலிருந்து எல்லா ஆண்டுகளும் ஒவ்வொன்றாய் நகர்ந்தன. பிறகு அமெரிக்கச் சுற்றுப் போட்டிகளின் ஃபெடெக்ஸ் கோப்பை இறுதி 2010-இல் செப்டம்பர் 26-இல் முடியும்படி அமைந்ததால், அதற்கு அடுத்த வாரம்தான் வாய்த்தது. பன்னாட்டு அணிப் போட்டியின் தேதியை வீரர்களின் நாட்காட்டி முடிவு செய்கிறது. இடம் கொடுப்பவர் வானிலைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பேசினாலும் பெரிதாக அசையாது. அசைக்கக்கூடியவை வேறு: ஆட்டம் தொடங்கும் மணி, ஆட்டங்களுக்கு இடையிலான நிமிடம், மாற்று நாள். பேரத்தை அங்கே நடத்த வேண்டும்.

திடல்

ட்வென்டி டென் என்று போட்டியின் ஆண்டையே பெயராக வைத்து, அதற்கென்றே அமைத்த திடல் இது. உரிமையாளர் சர் டெரி மாத்யூஸ். பழைய வென்ட்வுட் ஹில்ஸ் திடலின் குழிகளைத் திருத்திச் சேர்த்து, அஸ்க் ஆற்றுப் பள்ளத்தாக்கில் புதுக் குழிகளை வெட்டி 2007-இல் திறந்தார்கள். நீளம் 7,493 கெஜம்; பார், அதாவது திடலை முடிக்க எதிர்பார்க்கும் அடிகள், 71. 2008 முதல் வேல்ஸ் ஓப்பன் இதே திடலில் நடந்தது. இது முக்கியமான முடிவு. புதுத் திடலை மூன்று கோடைகளில் தொழில்முறைப் போட்டி வைத்துப் பழக்கினால்தான் எந்த கிரீனில், அதாவது குழியைச் சுற்றிய ஒட்ட வெட்டிய புல்பரப்பில், தண்ணீர் தேங்கும், எந்தக் கயிற்றுப் பாதையில் கூட்டம் நெரியும், எந்த இடத்தில் கேமரா கோபுரம் பார்வையை மறைக்கும் என்பது தெரியவரும். ஆனால் வேல்ஸ் ஓப்பன் கோடையில் நடந்த போட்டி. அக்டோபர் மண்ணைக் கோடை ஒத்திகை காட்டாது.

கடைசிக் குழிகள் சரிவின் அடியில் ஓடுகின்றன. மலைச்சரிவே பார்வையாளர் மேடை. 45,000 பேர் வரும் நாளில் இது வரம். அதே புல்சரிவில் இரண்டு நாள் மழைக்குப் பின் ஆயிரக்கணக்கான காலடி பட்டால் புல் உரிந்து களிமண் வெளியே வந்துவிடும். மேடையாக நம்பிய சரிவு சறுக்குப் பாறையாகும். இதற்கு மருந்து முன்கூட்டியே மரச்சீவலும் வைக்கோலும் குவித்துவைப்பது, தட்டுப்பாதை போடுவது, சரிவில் குறுக்கே படிகள் வெட்டிவைப்பது. மழை தொடங்கிய பிறகு ஆர்டர் கொடுத்தால் லாரி சேற்றில் புதையும்; அதன் சக்கரத் தடமே புதிய பள்ளமாகும்.

நிறுத்துவது யார், எதைப் பார்த்து

மின்னல் என்றால் கேள்வியே இல்லை, உடனே சங்கு ஊதி எல்லோரையும் வெளியேற்ற வேண்டும். வெறும் மழைக்கு நிறுத்துவது வேறு விஷயம். விதிப்படி தற்காலிக நீர் தேங்கிய இடத்தில் பந்து கிடந்தாலோ வீரர் நிற்க நேர்ந்தாலோ அபராதமின்றி உலர்ந்த இடத்துக்கு நகரலாம். கிரீனில் இன்னும் ஒரு சலுகை: பந்துக்கும் குழிக்கும் நடுவே தண்ணீர் குறுக்கிட்டாலும் நகரலாம். நகர்ந்து வைக்க நியாயமான உலர்ந்த இடமே இல்லை என்றால் அந்தக் குழி ஆடத் தகுதியற்றது. ஒரு குழி தகுதியிழந்தால் போதும், 18-உம் நிற்க வேண்டியதுதான்.

நடுவர் குழிக்குப் பக்கத்தில் கால் ஊன்றி நிற்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். காலை அதிகம் அழுத்தாமல் நிற்கும்போதே ஷூவின் விளிம்பைச் சுற்றித் தண்ணீர் கண்ணாடி மாதிரி எழும்பி நின்றால் அது தற்காலிக நீர். காலை எடுத்த பின் மறைந்தாலும் கணக்கில் சேரும், ஏனென்றால் வீரர் நிற்கும்போது அது தெரிகிறது.

நல்ல வடிகால் உள்ள கிரீன் ஏன் மூழ்குகிறது என்று கேட்பார்கள். தரமான கிரீன் என்பது 300 மில்லிமீட்டர் மணல் கலவை, அதன் கீழே 100 மில்லிமீட்டர் சரளை, அதற்கும் கீழே துளைக்குழாய். மணல் உறிஞ்சும் வேகத்தைவிட மழை விழும் வேகம் கூடினால் மேலே நிற்கத்தான் செய்யும். போட்டிக்காகப் புல்லை ஒட்ட வெட்டி, தினமும் உருளை ஓட்டி இறுக்கிய மேற்பரப்பு இன்னும் மெதுவாகக் குடிக்கும். பள்ளத்தாக்குத் திடல்களுக்கு இதோடு இன்னொரு தொல்லை சேரும். ஆற்றின் மட்டம் ஏறிவிட்டால் வடிகாலின் வாய் தண்ணீருக்குள் போய்விடும். திடலின் நீருக்கு வெளியேற வழியிருக்காது. ஒருவழிக் கதவு இல்லையென்றால் ஆறு உள்ளே வரும். கதவு இருந்தால் உள்ளே தேங்குவதை பம்ப் வைத்து இறைக்க வேண்டும். டீசல் பம்புகளையும் அவற்றின் குழாய்களையும் ஒவ்வொரு தாழ்ந்த மூலையிலும் முன்பே பொருத்தி, ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

கிரீனில் தேங்கிய நீரைத் தள்ளும் துடைப்பான் வேலை எளிதாகத் தெரியும், எளிதல்ல. ஒரு கிரீனுக்குக் குறைந்தது நாலைந்து பேர் வேண்டும். குழியைச் சுற்றித் தொடங்கி, சரிவு ஓடும் திசையிலேயே, ஒருவர் தள்ளிய தடத்தில் கொஞ்சம் ஏறிக்கொண்டு அடுத்தவர் தள்ளிப் போக வேண்டும். கிரீனின் விளிம்போடு நிறுத்திவிட்டால் அதே தண்ணீர் இரண்டு நிமிடத்தில் திரும்பி வரும். ஆகவே விளிம்பில் ஒருவர் நின்று அதை இன்னும் பத்தடி வெளியே ஓட்ட வேண்டும். மணல் பள்ளமான பங்கர் பக்கம் தள்ளவே கூடாது. பங்கரின் சரிந்த முகத்திலிருந்து மணல் கழன்று அடியில் சேர்ந்துவிட்டால், இறைத்து, வாரி மேலேற்றி, அமுக்கித் தேய்த்துச் சரியாக்குவதற்குள் மழை ஓய்ந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். மறுதொடக்க நேரத்தை அறிவிப்பவர் கிரீனைப் பார்த்து நேரம் சொல்லுவார். தாமதம் பங்கரில் காத்திருக்கும்.

சுற்றுகளை மாற்றி அமைத்தது

இந்த நிகழ்வின் இதயம் இதுதான். வெள்ளி பிற்பகல், இரு கேப்டன்களும், ஐரோப்பாவின் காலின் மாண்ட்கோமரியும் அமெரிக்காவின் கோரி பேவினும், மாற்று அமைப்புக்குச் சம்மதித்தார்கள். முதல் சுற்று எப்படி இருந்ததோ அப்படியே 4 ஃபோர்பால். இரண்டாம் சுற்று 6 ஃபோர்சம்ஸ். மூன்றாம் சுற்றில் 2 ஃபோர்சம்ஸும் 4 ஃபோர்பாலும். நான்காவது 12 சிங்கிள்ஸ். கூட்டிப் பாருங்கள்: 4, 6, 6, 12. அதே 28. ஃபோர்சம்ஸ் 8, ஃபோர்பால் 8 என்ற பங்கும் மாறவில்லை. வெட்டியது ஒரு சுற்றை மட்டும், ஒரு புள்ளியைக்கூட வெட்டவில்லை.

புள்ளியைக் குறைத்திருந்தால் போட்டியிட்டுத் தகுதி பெற்ற வீரர்களுக்கும், டிக்கெட் வாங்கியவர்களுக்கும், ஒளிபரப்பு வாங்கியவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். 4 ஆட்டம் ஆடும் திடலில் 6 ஆட்டம் ஆடினால் கூடுதலாகச் செலவாவது இரண்டு ஆட்டங்களின் புறப்பாட்டு இடைவெளி மட்டுமே, சுற்றுக்கு அரை மணி. இரண்டு சுற்றுக்குமாக ஒரு மணியைக் கொடுத்து ஒரு முழுச் சுற்றின் நாலைந்து மணியை வாங்கினார்கள். இதைவிட நல்ல வியாபாரம் இல்லை.

விலையும் இருந்தது, அது கேப்டன்கள் கொடுத்த விலை. சுற்றுக்கு 4 ஆட்டம் என்றால் 8 பேர் ஆட, 4 பேர் ஓய்வெடுப்பார்கள். தடுமாறுகிறவரை ஒளித்துவைக்கலாம், களைத்தவரை உட்காரவைக்கலாம். 6 ஆட்டம் என்றால் 12 பேரும் களத்தில் இருந்தாக வேண்டும். அணித் திட்டத்தின் பாதி அதோடு போனது. இரண்டு சுற்று முடிந்தபோது அமெரிக்கா 6-4 என்று முன்னிலை. மூன்றாம் சுற்று சனி மாலை தொடங்கி, இருட்டியபோது ஆறு ஆட்டத்திலும் ஐரோப்பா மேலே இருந்தது. ஞாயிறு அது முடிந்தபோது அந்தச் சுற்றை ஐரோப்பா 5½-½ என்று வாரிக்கொண்டது, மொத்தம் 9½-6½.

பார்வையாளர் பக்கம் எதிர்பாராத நன்மை ஒன்று கிடைத்தது. சாதாரணக் கோல்ஃப் போட்டியில் ஐம்பது, அறுபது குழுக்கள் திடல் முழுக்கப் பரந்து ஆடும். கூட்டமும் பரந்து நிற்கும். அணிப் போட்டியில் 45,000 பேருக்கு 4 ஆட்டம்தான். ஆட்டம் ஒன்றுக்கு 11,000 பேருக்கு மேல். கயிற்றோரம் ஐந்து வரிசைக்குப் பின்னால் நிற்பவருக்குப் பெரிய திரைதான் கதி. ஆறு ஆட்டமானதும் அது 7,500 ஆகிறது. பின்னால் நிற்பவருக்கு இது சின்ன வித்தியாசம் அல்ல.

பேருந்து

செல்டிக் மேனர் எம்4 நெடுஞ்சாலையின் 24-ஆம் சந்திப்புக்கு மேலேயே இருக்கிறது. நியூபோர்ட் ரயில் நிலையத்தின் புதிய கட்டடமும் 2010 செப்டம்பரில் திறக்கப்பட்டது. இருந்தாலும் பொதுமக்களின் காரைத் திடலருகே விட முடியாது. தூரத்து நிறுத்தங்களிலிருந்து பேருந்துதான்.

பேருந்துக் கணக்கை எந்தத் திடலுக்கும் இப்படிப் போடலாம். 40,000 பேர், 50 இருக்கை, 800 நடை. காலை 4 மணி நேரத்தில் கொண்டுசேர்க்க வேண்டுமென்றால் மணிக்கு 200 நடை, 18 நொடிக்கு ஒன்று. போய்வர ஒரு மணி நேரமானால் 200 பேருந்து ஓயாமல் சுழல வேண்டும். ஒரு பேருந்து காலியாக மூன்று, நான்கு நிமிடம் ஆகுமென்பதால் இறங்குமிடத்தில் ஒரே நேரத்தில் குறைந்தது 12 பேருந்து நிற்க இடம் வேண்டும். பெரும்பாலான திட்டங்கள் பேருந்தின் எண்ணிக்கையைச் சரியாகப் போட்டு, இந்த 12 இடத்தில் கோட்டைவிடும். மழை நாளில் இறங்குவதும் மெதுவாகும், புல்வெளி நிறுத்தத்தில் கார்களும் புதையும். 2024-இல் வர்ஜீனியாவில் பெண்களுக்கான சோல்ஹைம் கோப்பையின் முதல் நாள் காலை, மழை எதுவும் இல்லாமலே, ரசிகர்கள் வண்டி நிறுத்துமிடத்தில் பேருந்துக்கு மணிக்கணக்கில் வரிசையில் நிற்க, முதல் பந்து அடிக்கும் இடமான முதல் டீயின் மேடை பாதி காலியாகக் கிடந்தது. ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது.

மழைக்கோட்டு

சின்னப் பொருள், பெரிய தலைகுனிவு. வெள்ளி காலை அமெரிக்க வீரர்களின் மழை உடை ஒழுகியது. அணி நிர்வாகம் திடலில் இருந்த விற்பனைக் கூடாரத்துக்குப் போய், ரசிகர்களுக்காக வைத்திருந்த உடையை வாங்கிவந்து தந்தது. துணியை ஆய்வகத்தில் சோதிப்பது வேறு, ஆள் போட்டுக்கொண்டு ஆடிப் பார்ப்பது வேறு. அணியின் பெயரும் சின்னமும் தைக்கும் ஒவ்வொரு ஊசித்துளையும் ஒரு கசிவு. பின்பக்கம் நாடா ஒட்டி அடைக்க வேண்டும். ஒரு வீரர் அதைப் போட்டுக்கொண்டு தண்ணீர்த் தெளிப்பானுக்குக் கீழே நான்கு மணி நேரம் மட்டை சுழற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை

ஞாயிறு 1.30-க்கு ஆட்டம் தொடங்கியபோதே அன்றைக்கு சிங்கிள்ஸ் நடக்காது என்பது தெளிவு. பன்னிரண்டு ஜோடிகளை 10 நிமிட இடைவெளியில் அனுப்பினாலும் கடைசி ஜோடி 1 மணி 50 நிமிடம் கழித்துத்தான் புறப்படும். அதற்கு மேல் 4 மணி நேர ஆட்டம். ஆறு மணி நேரம் வேண்டும். மீதமிருந்தது ஐந்தே கால். அதிலும் முடியாத ஆறு ஆட்டங்கள் முன்னே நின்றன.

ஞாயிறு டிக்கெட் வைத்திருந்தவர்களைத் திங்களும் உள்ளே விட்டார்கள். சரியான முடிவு. அதை நடைமுறையாக்க எத்தனை ஒப்பந்தங்கள் ஒரே இரவில் நீள வேண்டியிருக்கும் என்று பாருங்கள். பேருந்து நிறுவனம், காவல், முதலுதவி, கழிப்பறை லாரி, உணவுக் கடைகளின் சரக்கு, குப்பை, தன்னார்வலர்களின் விடுப்பு, ஒளிபரப்பு வண்டிகள், இரு அணிகளின் விமானம், அறை. வேலைநாள் என்பதால் ஓட்டுநர்கள் பள்ளிப் பேருந்துக்குத் திரும்பியாக வேண்டும். ஆகையால் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் நான்காம் நாளுக்குத் தனி விலை முதல் கையெழுத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஞாயிறு மாலை கேட்கும் விலை வேறு.

இதே வகையில் முன்பே எழுதிவைக்க வேண்டிய இன்னொன்று கேப்டன்களின் ஒப்பந்தம். எதிரணியில் ஒருவர் காயத்தால் சிங்கிள்ஸ் ஆட முடியாமல் போனால் யாரை நிறுத்திவைப்பது என்று ஒவ்வொரு கேப்டனும் ஒரு பெயரை மூடிய உறையில் தருவது அதில் ஒன்று; அந்த ஆட்டம் ஆளுக்கு அரைப் புள்ளி. திங்கள் சூரியன் மறையும்வரை முடியாத ஆட்டங்கள் சமனாகக் கொள்ளப்படும் என்பது இன்னொன்று.

திங்கள் சிங்கிள்ஸில் அமெரிக்கா 7-5 என்று வென்றது. அமெரிக்காவின் ரிக்கி ஃபௌலர் கடைசிக் குழிகளை வென்று எடோவார்டோ மொலினாரியிடம் அரைப் புள்ளி பறித்தார். எல்லாம் பன்னிரண்டாவது ஜோடியில் வந்து நின்றது: ஐரோப்பாவின் கிரேம் மெக்டவல், அமெரிக்காவின் ஹண்டர் மஹன். 17-ஆம் குழியில் மெக்டவல் வென்று முடித்தார். அந்த ஒரு புள்ளியில்தான் 14½.

அன்று இன்னொரு மழை வந்து, அந்தக் கடைசி ஆட்டம் மட்டும் 17-க்கு வருமுன் இருட்டோடு நின்றிருந்தால் ஆளுக்கு அரைப் புள்ளி, 14-14. சமன் என்றால் கோப்பை முன்பு வென்றவரிடமே இருக்கும். 2008-இல் வென்றிருந்தது அமெரிக்கா.